தொழில் இல்லாத கொம்பனிக்குப் பங்கு சேர்த்த காலம்

இல்லாத கடைக்குப் பங்கு கேட்டு வீடு வீடாய்ப் பெல் அடிக்கிறதை விடக் கஷ்டமான தொழில் ஒண்டுதான் இருக்கு: அதே வீட்டிலை இருந்துகொண்டு, போடுற காசு திரும்பி வராமலும் போகலாம் எண்டு சொல்லுறது. நான் ரெண்டையும் ஒரே வாயாலை செய்தனான்.

சனத்திட்டைக் காசு கேட்டுப் போய், கதவைத் திறக்கிற ஆளின்ர முகம் மெல்லச் சுருங்கிறதைப் பாத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் என்ர ஆக்கள். உங்களுக்குத்தான் எழுதுறன். இது தொண்ணூறுகளிலை, இத்தாலியின்ர சிசிலித் தீவிலை, பலெர்மோவிலை நடந்தது. நான் எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் ஒருதரை ரெண்டு நிமிசம் பாத்தால் காணும், அவரைப் போலையே கதைச்சுக் காட்டுவன். அந்தக் கெட்டித்தனத்தாலைதான் எல்லாம் வந்தது.

பத்தியம்

ஓகஸ்ட் மாசத்து லீவு நாள் ஒண்டிலை மொண்டெல்லோக் கடற்கரையிலை நாலைஞ்சு பேர் இருந்து கதைச்சம். சேர்ந்து ஒரு தொழில் தொடங்க வேணும் எண்டதிலை எல்லாரும் ஒற்றுமை. என்ன தொழில் எண்டதிலைதான் சண்டை. அங்கை ரெஸ்டோரண்டிலை கோப்பை கழுவுற யோகராசா அண்ணை வீடியோக் கடை எண்டார். ஒருத்தன் மிளகாய்த்தூள் சரக்குக் கடை எண்டான். மற்றவன் ஊருக்கு ரெலிபோன் எடுக்கிற கடை எண்டான். ரெண்டு மணித்தியாலமாய் ஒருத்தரும் இறங்கி வரேல்லை. கடைசியிலை நான்தான் சொன்னன், முதல்லை காசைச் சேர்ப்பம், சண்டையைப் பேந்து பிடிப்பம் எண்டு.

நான் அப்ப ஒரு வயசான நொத்தாயோ வீட்டிலை சமையலும் துப்பரவும். நொத்தாயோ எண்டால் எங்கட ஊரிலை உறுதி எழுதுற நொத்தாரிசு. அவருக்குச் சாப்பாடு வைக்கேக்கை இந்தக் கதையைச் சொன்னன். மனுசன் முள்ளுக்கரண்டியைக் கீழை வைச்சிட்டார். அமெரிக்காவிலை இப்பிடிக் கொம்பனியள் இருக்காம், காசு முதல், தொழில் பேந்து. தொகை எழுதாமல் கையெழுத்து வைச்ச செக்கைப் போலை. ஆனால் அங்கை அதுக்குச் சட்டம் இருக்காம். சேர்க்கிற காசைப் பாங்கிலை பூட்ட வேணும். பதினெட்டு மாசத்துக்கை தொழில் ஒண்டைத் தேடிப் பிடிக்க வேணும். கிடைச்சால் எல்லாருக்கும் அறிவிக்க வேணும், பிடிக்காதவை காசைத் திருப்பி எடுக்கலாம். கிடைக்காட்டி எல்லாருக்கும் திருப்பிக் குடுக்க வேணும். எல்லாத்துக்கும் முதல், என்னென்ன ஆபத்து இருக்கெண்டு எழுதி, காசு போடுற ஒவ்வொரு ஆளுக்கும் வாசிச்சுக் காட்ட வேணும். இதெல்லாம் செய்தால் தன்ர பேரிலை பூட்டி வைப்பாராம். செய்யாட்டி நாளைக்கு நான் கோப்பி போட வரத் தேவையில்லையாம்.

இதுக்குப் பேர் ‘இன் பியாங்கோ’ கொம்பனி எண்டும் சொன்னவர். பியாங்கோ எண்டால் வெள்ளை, வெறுமை. யோகராசா அண்ணைக்கு அந்தச் சொல்லை ரெஸ்டோரண்டிலைதான் தெரியும். அங்கை ‘இன் பியாங்கோ’ எண்டு ஓடர் வந்தால், வயித்துக்குச் சுகமில்லாத ஆளுக்கு ஒண்டும் போடாமல் எண்ணெய் மட்டும் விட்ட பஸ்தா. அவராலைதான் ஊர் முழுக்க எங்களைப் பத்தியக் கொம்பனி எண்டு கூப்பிடத் தொடங்கினது. நான் ஓடிப்போய்ப் பேரைச் சொன்ன உடனை யோகராசா அண்ணை கேட்டது இதுதான்: “ஒரு பங்கும் சேரேல்லை, அதுக்குள்ளை கொம்பனிக்கு வயித்தாலை அடிக்குதோ?”

கல்வெட்டு

நொத்தாயோ ஆபத்துகளைச் சொல்லச் சொல்ல நான் தமிழிலை எழுதினன். மொத்தம் பதினொண்டு. முதலாவது, இந்தக் கொம்பனிக்கு இண்டைக்குத் தொழில் ஒண்டும் இல்லை. ரெண்டாவது, தொழில் கிடைக்காமலே போகலாம். மூண்டாவது, கிடைச்ச தொழில் படுத்தால் காசு முழுக்கப் போகலாம். அஞ்சாவது, பூட்டின காசை இடையிலை ஆர் கேட்டாலும் எடுக்கேலாது. ஏழாவது, கொம்பனியை நடத்திறவைக்கு ஒரு தொழிலிலும் ஒரு அனுபவமும் இல்லை. அதைச் சொல்லேக்கை மனுசன் என்னை ஏற இறங்கப் பாத்தார்.

போட்டோக் கொப்பி அடிச்சு யோகராசா அண்ணையிட்டைக் குடுத்தன். ஈரக் கையைச் சாரத்திலை துடைச்சுப்போட்டு வடிவாய் வாசிச்சார், ரெண்டு தரம். வாசிச்சு முடிச்சுத் தாளைத் திருப்பி நீட்டினார். “டேய், இது பங்கு நோட்டீஸ் இல்லை, செத்தவைக்கு அடிக்கிற அந்தியேட்டிக் கல்வெட்டு. மேலை உன்ர படத்தைப் போட்டு, கீழை பிரிவால் துயருறும் பங்காளிகள் எண்டு அடி.”

மஞ்சள்

முதல் போனது கபோச் சந்தைக்குப் பின்னாலை இருந்த பரமேஸ்வரி அக்கா வீடு. வெள்ளிக்கிழமை. சாமிப் படத்துக்கு முன்னாலை விளக்கு எரியுது. தாளைக் கண்ட உடனை அவவுக்கு முதல் குற்றம், முழுக்க வெள்ளையாய் இருக்கு, வெள்ளைத் தாளிலை ஆரும் நல்ல காரியம் தொடங்குவினையோ எண்டு. குசினிக்குள்ளை போய் மஞ்சளைக் குழைச்சு வந்து, கலியாண அழைப்பிதழுக்குப் பூசுறமாதிரி நாலு மூலையிலும் பூசினா. நல்லதாய்ப் போச்சு எண்டு நான் வாயைத் திறந்தன். காசு முழுக்கப் போகலாம் எண்டு பாதி சொல்ல முதலே காதைப் பொத்திப் போட்டா. விளக்கு எரியேக்கை, அதுவும் வெள்ளிக்கிழமை, வீட்டுக்குள்ளை அவச்சொல் சொல்லுறியோ எண்டு கேட்டா.

வாசிக்காமல் காசு வாங்கினால் நொத்தாயோ விடார். வாசிச்சால் அக்கா விடா. ரெண்டுக்கும் நடுவிலை நிண்ட எனக்கு அந்த நேரத்திலை ஒரு விசர் யோசினை வந்துது. காற்சட்டையை நெஞ்சு மட்டும் ஏத்தினன். மூக்கை ரெண்டு விரலாலை இழுத்தன். தொண்டையைச் செருமிப்போட்டு, நொத்தாயோன்ர குரலிலை, அவர் தமிழ் கதைச்சால் எப்பிடி இருக்குமோ அப்பிடித் தொடங்கினன். துன்குவே, ஆபத்தோ நூமெரோ ஊனோ, கொம்பனியாவுக்குத் தொழிலோ நியெந்தே, அதாவது ஒண்டும் இல்லை. அக்கா சிரிச்ச சிரிப்பிலை கையிலை இருந்த மஞ்சள் கிண்ணம் ஆடினது. பதினொண்டையும் இருந்து கேட்டா. கேட்டு முடிய ரெண்டு பங்குக்குக் கையெழுத்து வைச்சா. வைச்சுப்போட்டுச் சொன்னா: “வெள்ளைக்காரன் வாயாலை வந்த அவச்சொல் எங்கட வீட்டிலை பலிக்காது. நீ தேத்தண்ணியைக் குடி.”

மந்தரின் தோட்டம்

அடுத்த வருசம் பிறந்தாப் பிறகு, பலெர்மோவுக்கு வெளியிலை சியாகுல்லியிலை, பிந்திப் பழுக்கிற மந்தரின் தோடம்பழம் புடுங்குற சின்னராசா அண்ணையிட்டைப் போனன். தனி ஆள், சிக்கனமான மனுசன், கதை குறைவு. அவர் ஏணியிலை, நான் கீழை. அவர் முதல்லை இதைச் சீட்டு எண்டு நினைச்சு, எத்தினையாம் மாசம் தான் எடுக்கலாம், கழிவு எவ்வளவு எண்டு விசாரிச்சார். சீட்டில்லை அண்ணை, பங்கு எண்டு விளங்கப்படுத்தி, என்ர குரலை மாத்திப் பதினொண்டையும் நடிச்சுக் காட்டினன். பக்கத்து மரத்திலை நிண்ட சிசிலிக்காரர் கூடச் சிரிச்சினம், தமிழ் விளங்காமலே. சின்னராசா அண்ணை சிரிக்கேல்லை. பழத்தைக் கூடைக்குள்ளை மெல்ல வைச்சுக்கொண்டு கேட்டார்: “தம்பி, தொழில் என்னெண்டே உங்களுக்குத் தெரியாது, நட்டம் மட்டும் பதினொரு விதமாய் எப்பிடித் தெரிஞ்சது?”

ஏழாம் ஆபத்து

அவரை விட்டால் எல்லா இடமும் வெற்றிதான். ஒரு பங்கு அஞ்சு லட்சம் லிரா. லட்சம் எண்ட உடனை பயப்பிடாதேங்கோ, அந்தக் காலத்து லிராவிலை ஒரு கோப்பிக்கே ஆயிரத்துக்கு மேலை குடுக்க வேணும். யூலை மாசம், தமிழ்ப் பூசை முடிஞ்ச ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மண்டபத்திலை என்னைக் கதிரைக்கு மேலை ஏத்தி விட்டினம். பங்கு வேண்டாத ஆக்களும் நிண்டு கேட்டினம். நான் மூக்கை இழுத்தால் ஒரு சிரிப்பு, காற்சட்டையை ஏத்தினால் இன்னொரு சிரிப்பு. அண்டைக்கு மட்டும் பத்துப் பேருக்கு மேலை கையெழுத்து வைச்சவை, சிரிச்ச கண்ணீர் துடைச்ச கையாலை. எனக்கு நான் பெரிய ஆள் எண்ட எண்ணம் வந்திட்டுது. இறங்கப் போக ஒரு மனுசி சட்டையிலை பிடிச்சு இழுத்தா. “தம்பி, அந்த ஏழாம் ஆபத்தை இன்னொருக்காச் சொல்லு. என்ர மனுசன் வெளியிலை சிகரெட் பத்திக்கொண்டு நிண்டவர், கேக்கேல்லை.”

பிலோமினா அக்கா

அண்டைக்குக் கையெழுத்து வைச்ச ஆக்களுக்குள்ளை மன்னாரிலை இருந்து வந்த பிலோமினா அக்காவும் ஒரு ஆள். ஒரு கிழட்டு சிஞ்ஞோராவை, இத்தாலிக்கார அம்மாவைப் பாக்கிற வேலை, அந்த வீட்டிலையே படுக்கை. புருசன் இல்லை. ஒரே மகள் கொழும்பிலை லொட்ஜ் ஒண்டிலை சொந்தக்காரரோடை. மகளை இத்தாலிக்குக் கூப்பிட அனுமதி கேட்டுக் கடுதாசி போட்டிருந்தா. அனுமதி வர ரெண்டு வருசம் செல்லும் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். அதுவரைக்கும் காசு சும்மா கிடக்குதே எண்டு நாலு பங்கு, இருவது லட்சம் லிரா போட்டவ.

அஞ்சு மாசத்திலை அனுமதிக் கடுதாசி வந்திட்டுது. குவெஸ்தூரா எண்ட பொலிஸ் கந்தோரிலை பேரைக் கூப்பிட்டுக் குடுத்திட்டாங்கள். இனி மகளுக்கு ரிக்கெற் எடுக்க வேணும், சிஞ்ஞோரா வீட்டை விட்டு வெளியிலை ஒரு அறைக்கு முற்பணம் கட்ட வேணும். மகளுக்கு மார்ச் மாசம் பதினெட்டு வயசு. அது முடிஞ்சால் பிள்ளை எண்டு சொல்லிக் கூப்பிடேலாது. அப்ப டிசம்பர். அக்கா நேரை என்னட்டை வந்து காசைக் கேட்டா. அஞ்சாம் ஆபத்து அக்கா, இடையிலை எடுக்கேலாது எண்டு அண்டைக்கே சொன்னனான் எண்டன். அவ சண்டை பிடிக்கேல்லை, அழேல்லை. கைப்பையை எடுத்து மடியிலை வைச்சா. பேந்து சொன்னா: “ஓம், சொன்னனீதான். ஆனால் அந்தக் கிழவன்ர குரலிலை சொன்னனீ. நான் அந்த ஆபத்தெல்லாம் அவருக்கு வரப்போற ஆபத்து எண்டு நினைச்சு இருந்திட்டன்.”

பன்னிரண்டாம் ஆபத்து

நொத்தாயோவிட்டை ஓடினன். ஒரு ஆளுக்குத் திறந்தால் அது பூட்டே இல்லை எண்டிட்டார். திறக்க ரெண்டு வழிதான்: தவணை முடிய வேணும், இல்லாட்டித் தொழில் கிடைக்க வேணும். தவணைக்கு இன்னும் ஒரு வருசத்துக்கு மேலை கிடக்கு. அப்ப தொழிலைக் கண்டுபிடிப்பம் எண்டு யோகராசா அண்ணை கபோவிலை ஒரு வீடியோக் கடையைக் கொண்டுவந்தார். கடைக்காரன் அடுத்த கிழமையே எழுதித் தாறன் எண்டான். நாங்கள் ஓம் எண்டால் எல்லாருக்கும் அறிவிப்புப் போகும், அக்கா வேண்டாம் எண்டு சொல்லித் தன்ர காசை எடுக்கலாம். எனக்கு மனசுக்குள்ளை பாட்டே வந்திட்டுது.

நொத்தாயோ தடியையும் ஊண்டிக்கொண்டு என்னோடை கடையைப் பாக்க வந்தார். இருந்த கசெட்டிலை பாதி பூஞ்சணம் பிடிச்சது. மிச்சப் பாதியிலை ஆரின்ரையோ கலியாண வீட்டை மேலாலை பதிஞ்சு வைச்சிருக்கு. அஞ்சு நிமிசத்திலை வெளியிலை வந்து, வெய்யிலிலை நிண்டு, என்னட்டைப் பேனை இருக்கோ எண்டு கேட்டார். அக்காவைக் காப்பாத்த மற்ற எல்லாரின்ர காசையும் இந்தக் கடைக்குள்ளை போடப் பாக்கிறியோ எண்டு அவர் கேக்கேல்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. “ஒண்டை நான் எழுதாமல் விட்டிட்டன். இப்ப எழுது, பன்னிரண்டு: நடத்திறவைக்கு அவசரம் வந்தால் கண் தெரியாது.”

பழைய குரல், புதுக் குரல்

ரெண்டு நாள் கழிச்சு, நான் பஸ்தா வைக்கேக்கை அவராய் ஒரு வழி சொன்னார். பூட்டு காசுக்குத்தான், பேருக்கு இல்லை. அக்கான்ர நாலு பங்கையும் வேறை ஒரு ஆள் தன்ர காசைக் குடுத்து அக்காவிட்டை வாங்கலாம். பூட்டின காசு பூட்டினபடி கிடக்கும், பேர் மட்டும் மாறும். நடத்திறவை வாங்கேலாது, அதாலை நானும் யோகராசா அண்ணையும் வெளியாலை. வாங்கிற ஆள் பன்னிரண்டு ஆபத்தையும் அவருக்கு முன்னாலை கேக்க வேணும். ரெண்டு நிபந்தனை. ஒண்டு, ஆற்ற குரலிலையும் இல்லாமல் என்ர குரலிலை சொல்ல வேணும். மற்றது, பிள்ளையின்ர கதையைச் சொல்லி விக்கக் கூடாது. சிரிப்புக் காட்டி வித்தது காணும், இனி அழுகை காட்டி விக்காதை எண்டார். மனுசன் எனக்குத் தெரியாமல் எல்லாத்தையும் கேள்விப்பட்டிருக்கிறார். கடைசியிலை, என்ர மூக்கை நீ இழுக்கிறமாதிரி நான் ஒருநாளும் இழுக்கிறேல்லை எண்டும் சொன்னவர், சொல்லேக்கை இழுத்துக்கொண்டுதான்.

என்ர குரலிலை சொல்லத் தொடங்கினாப் பிறகுதான் எனக்கு விளங்கினது, அந்தக் குரல் எவ்வளவு மெல்லிசு எண்டு. ஒன்பது வீடு போனன். பாங்கிலை காசு இருக்கிற ஆக்கள்தான். அந்தக் கிழவனைச் செய்து காட்டு, வாங்கிறம் எண்டு ரெண்டு வீட்டிலை வெளிப்படையாய்ச் சொன்னவை. உண்மையைச் சொல்லுறன், ரெண்டாவது வீட்டிலை கை தானாய்க் காற்சட்டைக்குப் போட்டுது. அக்கான்ர முகம் வந்து நிண்டுது, கையை எடுத்திட்டன். காசு முழுக்கப் போகலாம், நடுவிலை எடுக்கேலாது, எங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு சும்மா, நேராய்ச் சொன்னன். எல்லாரும் தலையை ஆட்டித் தேத்தண்ணி தந்து அனுப்பிச்சினம். ஜனவரியும் முடிஞ்சுது. பத்தாவதாய்ப் போனது சியாகுல்லிக்கு.

சின்னராசா அண்ணை இந்தமுறை ஏணியாலை இறங்கி வந்து கேட்டார். முழுக்கக் கேட்டு, அடுத்த நாள் வேலை உடுப்போடையே நொத்தாயோ வீட்டுக்கு வந்தார். அங்கை திருப்பியும் பன்னிரண்டையும் சொன்னன். நொத்தாயோவுக்குத் தமிழ் தெரியாது, அவர் என்னைப் பாக்கவே இல்லை, சின்னராசா அண்ணையின்ர முகத்தை மட்டும் பாத்துக்கொண்டிருந்தார். முடிய, முகம் வாடிப்போச்சு, அப்ப விளங்கியிருக்கு, கையெழுத்து வைக்கட்டும் எண்டார். முதல்முறை ஏன் வேண்டாமெண்டனீங்கள் எண்டு நான் சின்னராசா அண்ணையைக் கேட்டதுக்கு, அண்டைக்கு நட்டம் வரும் எண்டு நீயே நம்பேல்லை, இண்டைக்கு நம்பிறாய் எண்டார். பிள்ளையின்ர கதையை நான் மூச்சுக்கூட விடேல்லை. படியாலை இறங்கேக்கை, பாதி வழியிலை நிண்டு, திரும்பிப் பாக்காமல் கேட்டார்: “ஆபத்தெல்லாம் சரி, பிள்ளை எத்தினையாம் திகதி வருது?”

திருப்பிக் குடுத்த நாள்

பிள்ளை பெப்ரவரி கடைசியிலை வந்து இறங்கினவ, பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் இருக்க. பேந்து ஒரு வருசம் நாங்கள் தொழில் தேடினம். வீடியோ, மிளகாய்த்தூள், ரெலிபோன் எண்டு மொண்டெல்லோவிலை விட்ட சண்டையை விட்ட இடத்திலை இருந்தே பிடிச்சம். பதினெட்டாம் மாசம் முடிய நொத்தாயோ பூட்டைத் திறந்தார். பாங்கு வட்டி கொஞ்சத்தோடை எல்லாற்ற காசும் மண்டபத்திலை வைச்சுத் திருப்பிக் குடுத்தம். சின்னராசா அண்ணை எண்ணிப் பாத்து, சட்டைப் பைக்குள்ளை வைச்சு, ஒரு தலையாட்டல். பரமேஸ்வரி அக்கா மஞ்சள் பூசின தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னாலை வைச்சிருந்தவவாம், அதாலைதான் காசு தப்பினது எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சா. நானும் மறுக்கேல்லை. அண்டைக்கு நான் ஆருக்கு நன்றி சொல்லாமல் விட்டன் எண்டு யோசிச்சுப் பாக்கிறன், ஒருதரும் நினைவுக்கு வரேல்லை. நொத்தாயோவுக்குக் கூடச் சொன்னனான். அவர் மூக்கை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிட்டார்.

வாசலிலை பிலோமினா அக்கா நிண்டா, பக்கத்திலை மகள். அந்தப் பிள்ளை என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டுது, என்னைப் பற்றி முதலே கேள்விப்பட்டிருக்கு எண்டு தெரிஞ்சுது. அக்கா அதின்ர தோளிலை கையை வைச்சு என்னை அறிமுகப்படுத்தினா: “இவர்தான் அந்த மாமா. இவர் பகிடி விட்டால் நல்லாச் சிரி, ஆனால் சிரிச்சு முடியும் வரைக்கும் ஒண்டிலையும் கையெழுத்து வைச்சிடாதை.”

பதினெட்டு மாசமாய் ஒரு கடையும் திறக்காமல், ஒரு சாமானும் விக்காமல், ஆற்ற காசையும் துலைக்காமல் மூடின ஒரே தமிழ்க் கொம்பனி எங்கடதாய்த்தான் இருக்கும், எங்களுக்கு அனுபவம் இல்லை எண்டு முதலே எழுதிக் குடுத்தது எவ்வளவு நல்லதாய்ப் போச்சு.